மழை வானமும் சிறு விமானமும்: புதிதாகப் பறக்க வருவோர் முடிவெடுப்பது எப்படி?

சிறு விமானம் ஓட்டப் பழகும் முதல் சில மாதங்களில் கவனமெல்லாம் கையிலும் காலிலும்தான் இருக்கும். நேராகப் பறப்பது, திரும்புவது, ஓடுபாதையில் பதமாக இறக்குவது எல்லாவற்றையும் பயிற்றுநர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருவார். வானத்தைப் பார்த்து "இன்றைக்கு வேண்டாம்" என்று முடிவெடுப்பது அவ்வளவு எளிதில் படியாது. ஏனென்றால் பயிற்சிக் காலத்தில் அந்த முடிவை உங்களுக்காக அவரே எடுத்துவிடுகிறார். உரிமம் கைக்கு வந்த மறுநாள் அந்தப் பொறுப்பு முழுதாக உங்கள் தலையில் வந்து விழும். சிங்கப்பூரின் சிலேத்தார் விமான நிலையத்தில் பயிற்சி தொடங்கியிருப்பவர்கள், தேசிய சேவை முடித்துவிட்டுத் தொடங்கலாமா என்று யோசிப்பவர்கள், பிள்ளையைப் பறக்க அனுப்பிவிட்டு வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கும் பெற்றோர் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். உங்கள் பயிற்றுநரும் சிங்கப்பூர் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளும் சொல்வதே இறுதி. இதை அதற்கு மேல் ஒரு பாதுகாப்பு அடுக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில், ஆபத்து எங்கே இருக்கிறது?

புதிய விமானி பறப்பது விஎஃப்ஆர் விதிப்படி. அதாவது கண்ணால் தரையையும் தொடுவானத்தையும் பார்த்துப் பறப்பது. பொதுவான விதி, பார்வைத்தூரம் 5 கிலோமீட்டருக்குக் குறையக்கூடாது, மேகத்திலிருந்து பக்கவாட்டில் 1,500 மீட்டரும் மேலோ கீழோ 1,000 அடியும் விலகியிருக்க வேண்டும் என்கிறது. கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் பயிற்சி இல்லாத ஒருவர் மேகத்துக்குள்ளோ கனமழைக்குள்ளோ போய்விட்டால் தொடுவானம் காணாமல் போகிறது. கண் கைவிட்டதும் உடம்பு காதை நம்பத் தொடங்குகிறது. உள்காதில் உள்ள திரவம்தான் நாம் திரும்புவதை உணர்த்துகிறது. ஒரே சீராகத் திரும்பிக்கொண்டே இருந்தால் சுமார் 20 வினாடிகளில் அந்தத் திரவமும் கூடவே சுழன்று, "நேராகத்தான் போகிறோம்" என்று பொய் சொல்லும். அந்த நேரத்தில் விமானம் ஒரு பக்கம் சாய்ந்து, மூக்கு கீழிறங்கி, வேகம் ஏறிக்கொண்டிருக்கலாம். வேகத்தைக் குறைக்க விமானி கட்டுப்பாட்டை இழுப்பார், சுழல் இன்னும் இறுகும்.

1954இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இதை ஆராய்ந்தார்கள். கருவிப் பயிற்சி இல்லாத 20 பேரை, வெளியே எதுவும் தெரியாதபடி செய்து ஓட்டவிட்டார்கள். 20 பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். சிலர் 20 வினாடியில், சிலர் 8 நிமிடத்தில். சராசரி 178 வினாடி, மூன்று நிமிடம்கூட இல்லை.

நமக்குத் தெரிந்த விபத்துகளும் இதையே காட்டுகின்றன. 1999 ஜூலை 16 இரவு ஜான் எஃப். கென்னடியின் மகன் தன் சிறு விமானத்தில் மனைவியோடும் மனைவியின் சகோதரியோடும் கிளம்பினார். அவருக்குக் கருவிப் பறத்தல் தகுதி கிடையாது. இடியோ புயலோ இல்லை. புகைபோல மங்கல், இருண்ட கடல், அவ்வளவுதான். கடலும் வானமும் ஒன்றாகிவிட, திசை உணர்வு குழம்பிக் கடலில் விழுந்தது விமானம். புகைமூட்டமும் கடலும் நமக்குப் புதிதல்லவே, அதனால் இந்த விபத்தைச் சிங்கப்பூர்க்காரர்கள் கூடுதல் கவனத்தோடு படிக்க வேண்டும் என்பது என் கருத்து.

2020 ஜனவரி 26 அன்று கூடைப்பந்து வீரர் கோபி பிரயன்ட் உட்பட 9 பேர் இறந்த ஹெலிகாப்டரும் மேகத்துக்குள்தான் போனது. மேலே ஏறுவதாக விமானி, வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரிடம் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் அது கீழே இறங்கிக்கொண்டிருந்தது. 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே ஜெனரல் பிபின் ராவத் பயணம் செய்த எம்ஐ-17 ஹெலிகாப்டர் விழுந்ததை நம்மில் பலர் தொலைக்காட்சியில் பார்த்தோம். மலை ரயில் பாதையில் நின்றவர்கள் எடுத்த காணொளியில் அது பனிக்குள் மறைவது தெரியும். பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறியதால் மேகத்துக்குள் நுழைந்ததும், விமானியின் திசை உணர்வு குழம்பியதும் காரணம் என்று முப்படை விசாரணை சொன்னது. அவை ஹெலிகாப்டர்கள், ஓட்டியவர்கள் அனுபவசாலிகள். அவர்களுக்கே அப்படியென்றால், 50 மணி நேரம் பறந்த நமக்கு மேகத்துக்குள் என்ன வேலை?

படி 1: சிங்கப்பூர் வானத்தின் நாட்காட்டியை மனப்பாடம் செய்யுங்கள்

இங்கே ஆண்டுக்குச் சராசரியாக 2,113 மில்லிமீட்டர் மழை, ஏறத்தாழ 171 மழை நாள். மழையே இல்லாத நாளில்தான் பறப்பேன் என்றால் உரிமம் வாங்கி முடியாது. எந்த மழை, எந்த நேரத்து மழை என்று பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். நம் பண்டிகைகளோடு சேர்த்து வைத்துக்கொண்டால் எளிதில் மறக்காது.

பொங்கல் சமயம் வடகிழக்குப் பருவமழையின் ஈரமான பகுதி. காற்று வலுத்து, ஒன்றிரண்டு நாள் விடாமல் பெய்யும் மழை வரும், சிலசமயம் அதற்கு மேலும் நீடிக்கும். இது ஒளிந்து வருவதில்லை, முன்னறிவிப்பில் தெளிவாகவே தெரியும். தாழ்வான மேகமும் மங்கிய பார்வையும்தான் இதில் சிக்கல். பிப்ரவரி பிற்பாதியில் வானம் தெளியும், காற்று மட்டும் பலமாக இருக்கும்.

தமிழ்ப் புத்தாண்டு வரும் ஏப்ரலும், தீபாவளி வரும் அக்டோபர், நவம்பரும் பருவ மாற்றக் காலம். காலையில் வானம் துடைத்துவிட்டது போலிருக்கும். உச்சி வெயில் தாண்டியதும் மேகம் செங்குத்தாக வளரும். இரண்டு மணி, மூன்று மணிக்கு இடி. காலை எட்டு மணி வானத்தைப் பார்த்து மதியம் இரண்டு மணிக்கு விமானம் பதிவு செய்வது இந்த மாதங்களில் வீண். காலை நேரத்தையே கேட்டு வாங்குங்கள்.

ஆடி மாதத்தை ஒட்டிய தென்மேற்குப் பருவத்தில் கதை தலைகீழ். அப்போது காலையைத்தான் நம்ப முடியாது. சுமத்ரா சூறைக்காற்று, இடிமழை மேகங்கள் ஒரே கோடாக அணிவகுத்து, மலாக்கா நீரிணையைத் தாண்டி, பெரும்பாலும் விடியலுக்கு முன்பிருந்து நண்பகலுக்குள் வந்து அடிக்கும். 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசும். எல்லாப் பருவத்தையும் சேர்த்து இங்கே பதிவான உச்சம் 1984 ஏப்ரல் 25 அன்று தெங்காவில், மணிக்கு 144.4 கிலோமீட்டர். இதே பருவத்தில்தான் புகைமூட்டமும். 2013 ஜூன் 21 அன்று காற்றுத் தரக் குறியீடு 401ஐத் தொட்டது பலருக்கும் நினைவிருக்கும். புகைமூட்டத்தில் நேர் கீழே தரை நன்றாகவே தெரியும், முன்னால்தான் ஒன்றும் தெரியாது. அந்த ஏமாற்று வேலையைத் தெரிந்து வைத்திருங்கள்.

படி 2: உங்கள் எல்லைகளை எண்ணாக எழுதுங்கள்

தேசிய சேவை செய்த எவருக்கும் "கேட் ஒன்" என்னும் மின்னல் அபாய நிலை தெரியும். மின்னல் எச்சரிக்கை வந்ததும் திடலில் இருப்பவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். யாரும் வானத்தை அண்ணாந்து பார்த்து விவாதம் நடத்துவதில்லை. விமானிக்கும் அப்படிப்பட்ட கோடு வேண்டும், அதை வீட்டில் அமைதியாக உட்கார்ந்திருக்கும்போதே போட்டுவிட வேண்டும். விமானத்தில் ஏறி பெல்ட் போட்டபின் போடும் கோடு வளையும்.

புதியவருக்கு நான் சொல்லும் எண்கள் இவை: பார்வைத்தூரம் 8 கிலோமீட்டருக்குக் குறைந்தால் இல்லை. மேகத்தின் அடிப்பகுதி 2,000 அடிக்குக் கீழ் என்றால் இல்லை. குறுக்குக்காற்று 8 நாட் (மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர்) வேகத்துக்கு மேல் என்றால் இல்லை. செஸ்னா 172இன் கையேட்டில் குறுக்குக்காற்றுக்கு 15 நாட் என்று இருக்கும். அது தேர்ந்த சோதனை விமானி இறக்கிக் காட்டிய அளவு, உங்களுக்கான இலக்கு கிடையாது. எரிபொருள், இறங்கிய பின்னும் ஒரு மணி நேரத்துக்கு மீதமிருக்க வேண்டும்.

இடிமழை விஷயத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. கடும் இடிமேகத்திலிருந்து 20 கடல் மைல், அதாவது 37 கிலோமீட்டர் விலகியிருக்கச் சொல்வார்கள். நம் தீவின் கிழக்கு மேற்கு நீளமே சுமார் 50 கிலோமீட்டர்தான். துவாஸ் மேலே நிற்கும் இடிமேகம் சிலேத்தாரிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர். ஆக, பெரிய நாடுகளில் எழுதிய பாடநூல்கள் சொல்வதுபோல "மேகத்தைச் சுற்றிப் போங்கள்" என்பது இங்கே பெரும்பாலும் நடக்காது. சுற்றிப் போக இடமில்லை. சாங்கி, பாய லேபார், தெங்கா, செம்பவாங், எல்லைக்கு அப்பால் செனாய் என்று எல்லாப் பக்கமும் மற்றவர்களின் வான்வெளி. அனுமதியில்லாமல் ஒதுங்க முடியாது. அதனால்தான் இங்கே தரையில் எடுக்கும் முடிவுக்கு மற்ற இடங்களைவிட மதிப்பு அதிகம்.

எழுதிய தாளை பயிற்றுநரிடம் காட்டி, அவர் திருத்தியபின் கையெழுத்துப் போட்டு விமானப் பையில் வையுங்கள். பறக்கும் நாள் காலையில் அந்த எண்களைத் தளர்த்தக்கூடாது. இறுக்கலாம்.

படி 3: அறிக்கைகளை ஒழுங்காகப் படியுங்கள்

முந்தைய இரவு சிங்கப்பூர் வானிலை ஆய்வகத்தின் முன்னறிவிப்பைப் பாருங்கள். காலையில் மீட்டார் என்னும் விமான நிலைய நடப்பு அறிக்கையும், டாஃப் என்னும் முன்னறிவிப்பும். இவை யூடிசி என்னும் உலகப் பொது நேரத்தில் இருக்கும், நம் நேரத்துக்கு 8 மணி கூட்ட வேண்டும். அறிக்கையில் 0600 என்றிருந்தால் நமக்கு மதியம் 2 மணி. அதைக் காலை ஆறு என்று படித்துவிட்டால் "இடிமழை விடியலோடு போய்விட்டது" என்று நினைத்து, அது வரும் நேரத்திலேயே ஓடுபாதைக்குப் போவீர்கள். தாளின் ஓரத்தில் நம் நேரத்தைப் பேனாவால் எழுதிவிட்டுத்தான் மற்றதைப் படிக்க வேண்டும்.

அதில் "டெம்போ" என்று ஒரு சொல் வரும். ஒவ்வொரு முறையும் ஒரு மணிக்குக் குறைவாகவே நீடிக்கும் தற்காலிக மாற்றம் என்று பொருள். புதியவர்கள் அதை "கொஞ்ச நேரம்தானே" என்று தாண்டிவிடுவார்கள். நீங்கள் பறப்பதும் ஒரு மணி நேரம்தான். டெம்போ வரிசையில் இடிமழை இருந்தால், நீங்கள் இருக்கும் நேரம் முழுக்க இடிமழை என்றே கணக்கில் எடுங்கள்.

பிறகு மழை ரேடார். ஒரு படத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கைபேசியைப் பையில் போடாதீர்கள். முந்தைய அரை மணிப் படங்களை ஓடவிட்டு, திட்டுகள் எந்தப் பக்கம் நகர்கின்றன, வளர்கின்றனவா கரைகின்றனவா என்று பாருங்கள். ரேடார் காட்டுவது மழையை. தாழ்ந்த மேகமும் புகைமூட்டமும் அதில் தெரியாது. நீங்கள் பார்ப்பதும் சில நிமிடம் பழைய படம்.

கடைசியாக வெளியே வந்து கண்ணால் பாருங்கள். சிலேத்தாரிலிருந்து ஜொகூர் நீரிணைக்கு அப்பால் பாசிர் கூடாங் புகைபோக்கிகள், கிழக்கே புலாவ் உபின். வரைபடத்தில் இவற்றின் தூரத்தை அளந்து வைத்துக்கொண்டால், எது மங்குகிறது என்பதைக் கொண்டே பார்வைத்தூரத்தைச் சொல்லிவிடலாம். காற்றின் திசையைக் காட்டும் காற்றுப்பையையும் கவனியுங்கள். தொங்கிக்கொண்டிருந்த பை மெல்ல அசைந்து, ஒருமுறை சுருண்டு, எதிர்ப்பக்கம் திரும்பி விறைப்பாக நின்றால், கூடவே கழுத்தில் சில்லென்று காற்றுப் பட்டால், இடிமேகத்திலிருந்து கொட்டிய குளிர்க்காற்று மழையை முந்திக்கொண்டு வந்துவிட்டது. மேலே நீலவானம் இருந்தாலும் சரி, அப்போது கிளம்பக்கூடாது.

படி 4: உங்களை இழுப்பது யார் என்று கேளுங்கள்

1996 ஏப்ரல் 11 அன்று அமெரிக்காவின் ஷையன் நகரில் சிறு விமானம் விழுந்து 7 வயதுச் சிறுமி, தந்தை, பயிற்றுநர் மூவரும் இறந்தார்கள். நாட்டைக் குறுக்கே கடக்கும் சாதனைப் பயணம். ஊடகங்கள் காத்திருந்தன. இடிமழை நெருங்கி வரும்போதே, அளவுக்கு மீறிய எடையோடு கிளம்பினார்கள். ஊடகங்களுக்குக் கொடுத்த வாக்கும், ஆசைக்கு மிஞ்சிய பயணத் திட்டமும் அந்த முடிவுக்குத் துணைபோயின என்று விசாரணை அறிக்கை சொன்னது.

நம் வீடுகளில் ஊடகம் வராது, மாமா வருவார். தீபாவளிக்கு ஈப்போவிலிருந்து வந்தவரைச் சுற்றிக் காட்ட விமானம் பதிவு செய்திருப்போம். "தம்பி, இங்கே நல்லா வெயில் அடிக்குதே, என்ன தயக்கம்?" என்பார். "மாமா, இங்கே வெயில்தான். நாம போற பக்கம் மேகம் ஏறுது. இன்னொரு நாள் போகலாம்" என்று சொல்ல நாக்கு எழ வேண்டும். அந்த இடத்தில் சொல்வது கடினம் என்பதால் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: "சிலேத்தாருக்குப் போறோம். வானம் சரியா இருந்தா பறப்போம், இல்லாட்டி ஜாலான் காயுவில பரோட்டா சாப்பிட்டுட்டு வருவோம்." இரண்டுமே திட்டத்தில் இருந்தால் ரத்து செய்வது ஏமாற்றமாகத் தெரியாது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பாடம் ரத்தாகி வீட்டுக்கு வரும் பிள்ளையிடம் "காசு கட்டியாச்சே" என்று சொல்லாதீர்கள். அடுத்த முறை அந்தக் குரல் விமானத்துக்குள் கேட்கும்.

தூக்கம், காய்ச்சல் மாத்திரை, மனச்சுமை ஆகியவற்றையும் இப்போதே பார்த்துவிடுங்கள். சளிக்குப் போட்ட மாத்திரை தூக்கம் தருமென்றால் பறப்பதில்லை, அவ்வளவுதான்.

படி 5: பறக்கும்போது

இயந்திரம் கார்புரேட்டர் வகையா என்று தெரிந்துகொள்ளுங்கள். நம் ஈரக்காற்றில், வெளியே 30 டிகிரி இருந்தாலும், சக்தியைக் குறைத்து இறங்கும்போது கார்புரேட்டருக்குள் பனி பிடிக்கும். சூடேற்றும் பிடியைக் கையேடு சொல்லும் நேரத்தில் இழுக்க வேண்டும். டைமண்ட் டிஏ40 போன்ற எரிபொருள் செலுத்தும் வகையில் இந்தத் தொல்லை கிடையாது.

மேகம் தாழ்ந்துவரும்போது, அதன் அடியிலேயே இருக்க நீங்களும் இறங்கிக்கொண்டே போவதுதான் ஆபத்தின் முதல் அறிகுறி. 2,000 அடியில் திட்டமிட்டவர் 1,700, 1,500 என்று வருவார். ஒவ்வொரு இறக்கமும் சின்னதாகத் தெரியும். ஜொகூர்ப் பக்கம் பறப்பவர்கள் குனோங் பூலாய் 654 மீட்டர், அதாவது 2,100 அடிக்கும் மேல் என்பதை மறக்கக்கூடாது, மேகம் அதன் உச்சியை மூடிவிடும். எந்த உயரத்துக்குக் கீழ் இறங்க நேர்ந்தால் திரும்புவேன் என்பதும் உங்கள் தாளில் இருக்க வேண்டும். அந்த உயரம் வந்ததும் யோசிக்க ஒன்றுமில்லை, திரும்புங்கள்.

திரும்புவதற்கு முன் கட்டுப்பாட்டாளரிடம் சீக்கிரமே பேசுங்கள். "முன்னால் வானிலை சரியில்லை, திரும்ப அனுமதி வேண்டும்" என்றால் போதும். கௌரவம் பார்த்துக் கடைசி நிமிடம் வரை காத்திருந்தால், அவரிடமும் கொடுக்க இடம் இருக்காது.

படி 6: மேகத்துக்குள் போய்விட்டால்

இதைப் பயிற்றுநரோடு, கண்மறைப்பு அணிந்து, திரும்பத் திரும்பப் பழகியிருக்க வேண்டும். வரிசை முக்கியம். முதலில் வெளியே தேடுவதை நிறுத்திவிட்டு, செயற்கைத் தொடுவானம் காட்டும் கருவிக்குக் கண்ணைக் கொண்டு வாருங்கள். இறக்கையைச் சமமாக்குங்கள், பிடியைத் தளர்த்துங்கள். தரையைத் தேடி இறங்காதீர்கள். விமானத்தைத் தானே ஓட்டும் தானியங்கி இருந்தால் போடுங்கள். உடம்பு "சாய்ந்திருக்கிறோம்" என்று கத்தும், கருவி "நேர்" என்று காட்டும். கருவி சொல்வதையே கேளுங்கள்.

அடுத்து, வந்த வழியே திரும்பல். திசைகாட்டியில் எதிர்த்திசை எண் எது என்று முதலில் பாருங்கள். 100 நாட் வேகத்தில் சுமார் 15 டிகிரி சாய்வு வைத்தால் வினாடிக்கு 3 டிகிரி திரும்பும். 180 டிகிரிக்குச் சரியாக ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்தில் உயரம் மாறாமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நேரான பின்தான் வானொலி: "மேகத்துக்குள் இருக்கிறேன், கருவித் தகுதி இல்லை, உதவி வேண்டும்." பான் பான் என்றோ மேடே என்றோ அவசர அழைப்பு விடுக்கத் தயங்கக்கூடாது. யாரும் கிடைக்காவிட்டால் 121.5 என்னும் அவசர அலைவரிசை, ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டர் கருவியில் 7700 என்னும் அவசர எண். அவசரத்தில் விதியிலிருந்து விலகும் உரிமை விமானிக்கு உண்டு. சாங்கியோ செனாயோ, எது திறந்திருக்கிறதோ அங்கே இறக்கச் சொன்னால் இறங்குங்கள். குடிநுழைவு, கட்டணம், விளக்கக் கடிதம் எல்லாம் உயிரோடு தரையில் நின்று பார்த்துக்கொள்ளக் கூடியவை.

படி 7: திரும்பி வரும்போது

மழைக்கு முன் ஓடுபாதையைப் பிடித்துவிடலாம் என்று ஓடாதீர்கள். மழையின் விளிம்பில்தான் காற்று திடீரென்று திசை மாறும், எதிர்க்காற்று பின்காற்றாகி, தரைக்குச் சில நூறு அடியில் விமானம் தொப்பென்று அமுங்கும். அனுமதி பெற்று, தெளிவான பக்கத்தில் சுற்றிக்கொண்டு காத்திருங்கள். எரிபொருள் ஒரு மணி நேரம் கூடுதலாக இருக்க வேண்டும் என்றது இதற்காகத்தான். நம் ஊர் இடிமழைகளில் பல அதற்குள் கரைந்துவிடும். கரையாவிட்டால் வேறு நிலையம். எந்த நிலையம், எந்தத் திசை, எவ்வளவு நேரம் என்பதைக் கிளம்பும் முன்பே குறித்திருக்க வேண்டும்.

படி 8: பறக்காத நாளையும் பாடமாக்குங்கள்

ரத்து செய்த நாளில் நீங்கள் திரும்பியிருக்க வேண்டிய நேரத்தில் ரேடாரைத் திறந்து பாருங்கள். முன்னறிவிப்பு என்ன சொன்னது, உண்மையில் என்ன நடந்தது, உங்கள் தாளில் இருந்த எந்த எண் உங்களை நிறுத்தியது என்று இரண்டு மூன்று வரி எழுதுங்கள். சில நாள் வானம் வெளுத்து, வீணாக ரத்து செய்தோமோ என்று தோன்றும். அதையும் அப்படியே எழுதுங்கள், எண்ணை மட்டும் அன்றைக்கே மாற்றாதீர்கள். ஒரு பருவம் முழுக்க எழுதிய குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு பயிற்றுநரிடம் உட்காருங்கள். எதைக் கொஞ்சம் தளர்த்தலாம், எதில் கை வைக்கவே கூடாது என்று அவர் பார்த்துச் சொல்வார்.